தங்க முலாம் பூசிய பழைய புத்தர் சிலைகள்: வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டது இது: இமயமலைப் பகுதியிலும் சீனாவிலும் செய்யப்பட்ட, தங்க முலாம் பூசிய பழைய புத்தர் சிலைகளைச் சேர்க்க ஆசை. ஒரு வியாபாரி ஏழு அங்குலச் சிலை ஒன்றின் படத்தை அனுப்பி, ‘திபெத், 15ஆம் நூற்றாண்டு’ என்கிறார். உண்மைதானா, சட்டச் சிக்கல் வருமா, எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் காட்டியிருப்பது முன்பக்கப் படம் மட்டும். அதை வைத்து வயதைச் சொல்ல எவராலும் முடியாது. முகமும் கைகளும்தான் வாங்குபவரின் கண்ணை முதலில் இழுக்கும். ஆகவே, போலி செய்பவன் தன் உழைப்பை எல்லாம் அங்கேதான் கொட்டுவான். சிலையின் அடிப்பக்கம், முதுகு, முலாம் தேய்ந்த இடங்கள், அப்புறம் அதனுடன் வரும் காகிதங்கள், இந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கடைசியாக முகத்துக்கு வாருங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைச் சிலை செய்யும் முறையிலிருந்தே விளக்குகிறேன்.

சந்தையில் எல்லாவற்றையும் வெண்கலம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் நேபாளத்தில் செய்த முலாம் சிலைகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய தூய செம்பு. காத்மாண்டு பள்ளத்தாக்கின் பாட்டன் நகரில் வாழும் நேவார் இனத்துச் சாக்கியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தொழிலைச் செய்துவருகின்றன. செம்பை வார்ப்பது சிரமம். 1,085 டிகிரி செல்சியஸில்தான் உருகும்; உருகிய பிறகும் வெண்கலம் போல அச்சுக்குள் சரளமாக ஓடாது; காற்றுக் குமிழிகளும் சேரும். அப்படியிருந்தும் அவர்கள் செம்பை விடாததற்குக் காரணம் முலாம்தான். வெண்கலத்திலும் பித்தளையிலும் கலந்திருக்கும் ஈயம் முலாமைக் கறுக்க வைக்கும். செம்பில் தங்கம் சுத்தமாக ஒட்டும். தேய்ந்த முழங்காலிலோ மூக்கு நுனியிலோ முலாமுக்குக் கீழே தெரியும் உலோகம் சிவந்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். நேபாளச் சிலை என்று சொல்லி விற்கும் ஒன்றில் கீழே பளிச்சென்று மஞ்சள் பித்தளை தெரிந்தால், விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி பிறந்துவிட்டது. திபெத், சீனச் சிலைகளில் பித்தளை சாதாரணம். அங்கே இந்தச் சோதனை செல்லாது.

வார்ப்பு முறை நமக்குத் தெரிந்த மெழுகு வார்ப்புதான். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளைப் பெரும்பாலும் உட்கூடு இல்லாமல் கெட்டியாக வார்த்தார்கள். இமயமலைச் சிலைகள் பெரும்பாலும் உட்கூடானவை. களிமண் கருவைச் சுற்றி மெழுகு, அதன் மேல் மறுபடி மண் என்று கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுவார்கள். பெரிய உருவமாக இருந்தால் துண்டு துண்டாக வார்த்துச் சேர்ப்பார்கள். உட்புறத்தில் அந்த மண்ணின் மிச்சம், கருவைத் தாங்கிய ஆணிகளின் தடம், ஓட்டை விழுந்த இடத்தில் செம்புத் துண்டு வைத்து ஒட்டிய பழுது எல்லாம் இருக்கலாம். அந்த ஒட்டுகளைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். செம்பு வார்ப்பில் அவை இயல்பு. முலாம் பூசினால் மறைந்துவிடும் என்று தெரிந்தே செய்த வேலை அது.

முலாம் பூசுவது தனிக் கலை. தங்கத்தையும் பாதரசத்தையும் சேர்த்துக் குழைத்த கலவையைச் சுத்தம் செய்த செம்பின் மேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பிறகு வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த ஆவி மூச்சுக்குள் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு நல்ல சிலையைக் கையில் எடுக்கும்போது, அதைச் செய்தவர் எதை மூச்சாக இழுத்தார் என்பதையும் நான் நினைத்துக்கொள்வேன்.

இப்படிப் பூசிய தங்கம் எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. முன்புறம் தடித்து, மடிப்புகளின் ஆழத்தில் மெலிந்து, முதுகில் பல சமயம் இல்லாமலே இருக்கும். பீடத்தின் பின்பக்கத்தை வெறும் செம்பாகவே விட்ட நல்ல பழைய சிலைகள் ஏராளம். மின்முலாம் பூசிய நவீனச் சிலையில் தங்கம் மெல்லிய படலமாக, ஒரே நிறத்தில், எல்லா இடுக்கிலும் சீராகப் படிந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ளும். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: பாட்டனில் பாதரச முலாம் இன்றும் நடக்கிறது. ஆய்வில் பாதரசம் தெரிந்தது என்று ஒரு சான்றிதழைக் காட்டினால், அது முலாம் பூசிய முறைக்கு மட்டுமே சாட்சி. வயதுக்கு அல்ல. இதை வைத்து ஏமாற்றுவது நிறைய நடக்கிறது.

தேய்மானத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. பூசையில் இருந்த சிலையைக் கைகள் தொட்ட இடங்கள்தான் தேயும்: முழங்கால், மூக்கு, மார்பு, பீடத்தின் முன்விளிம்பு. நேபாளத்தில் சிலையைத் தொட்டுக் குங்குமம் வைத்து வழிபடுவதால் முகமே மழுங்கிப் போன உருவங்கள் உண்டு. காதோரத்திலும் நகை இடுக்கிலும் சிவப்புப் பொடி இறுகிக் கிடக்கும். திபெத்தில் வழக்கம் வேறு. அங்கே முகத்துக்குத் தங்கப் பொடியைப் பசையில் கலந்து தூரிகையால் பூசுவார்கள், கண்ணையும் உதட்டையும் வண்ணத்தால் எழுதுவார்கள், முடிக்கு நீலம் தீட்டுவார்கள். காலம் செல்லச் செல்ல மறுபடி மறுபடி பூசுவார்கள். உடம்பு பளபளப்பாகவும் முகம் மட்டும் மங்கிய மஞ்சளாகவும் இருந்தால், அந்தச் சிலை திபெத்தியர் வழிபாட்டில் இருந்தது என்று கொள்ளலாம். செய்த இடம் பாட்டனாக இருக்கலாம், லாசாவாகவும் இருக்கலாம். லாசாவிலேயே தங்கி வேலை செய்த நேவார் கைவினைஞர்கள் உண்டு. ‘நேபாளமா திபெத்தா’ என்ற கேள்விக்குப் பல சிலைகளில் ஒற்றை வரிப் பதில் கிடையாது. தரகர் மிக உறுதியாகச் சொன்னால் அதற்கான காரணத்தையும் கேளுங்கள்.

சரி, சிலையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்போம். பௌத்த மரபில், உள்ளே நிறைவு செய்யாத உருவம் வழிபாட்டுக்குத் தகுதி பெறாது. மந்திரம் எழுதிச் சுருட்டிய காகிதம், தானியம், வாசனைப் பொருள், சில சமயம் பெரியோரின் புனித நினைவுப்பொருள் போன்றவற்றை உட்கூட்டில் வைத்து, செம்புத் தகட்டால் அடிப்பக்கத்தை மூடி, விளிம்பைத் தட்டி இறுக்குவார்கள். தகட்டின் நடுவே குறுக்காக அமைந்த இரட்டை வச்சிராயுதச் சின்னம் செதுக்கியிருக்கும். தகடு முதலில் வைத்தபடியே இருந்தால் மதிப்பு கூடும். ஆவலில் அதைத் திறந்துவிடாதீர்கள். திறந்தால் வழிபடுபவர் கண்ணில் அது பழுதுபட்ட சிலை. சேகரிப்பாளர் கண்ணில் சான்றை இழந்த சிலை. பீடத்தின் உள்விளிம்பில் பழைய உளித்தடத்துக்கும் தகட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா, தகட்டின் நிறமும் சிலையின் அடிநிறமும் ஒன்றாக முதிர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். புதுத் தகடு என்றால் அந்தச் சிலையை யாரோ ஒரு காலத்தில் திறந்திருக்கிறார்கள். அது மட்டுமே சிலையைப் போலி ஆக்கிவிடாது. பழைய சிலைகளில் பெரும்பகுதி திறந்து கொள்ளையிடப்பட்டவைதான்.

இனி சீனாவுக்கு வருகிறேன். அங்கே முலாம் பூசிய புத்தர் மிகப் பழைய வழக்கம். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ள அமர்ந்த புத்தர் கி.பி. 338ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆண்டு பொறித்துக் கிடைத்த சீனப் புத்தர்களில் அதுவே ஆகப் பழையது. வட வெய், சுய், தாங் வம்சங்களின் காலத்துச் சிறு உருவங்களும் அழகானவை. ஆனால் உங்கள் ஆசை இமயமலையோடு சேர்ந்தது என்பதால் 13ஆம் நூற்றாண்டுக்கே போய்விடலாம்.

1260இல் மங்கோலியப் பேரரசர் குப்லாய் கானின் ஆட்சியில் திபெத்தில் ஒரு பொற்தூபி எழுப்ப நேபாளத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றுப் போனவர் அர்னிகோ. அப்போது வயது இருபதுகூட நிரம்பாதவர். அங்கிருந்து மன்னனின் அரண்மனைக்குப் போய், அரசுப் பட்டறைகளை நடத்தும் பதவிக்கு உயர்ந்தார். 1279இல் முடிந்த பெய்ஜிங் வெள்ளைத் தூபி அவர் கட்டியது. இன்றும் நிற்கிறது. அகன்ற தோள், குறுகிய இடை, இடுப்பை வளைத்து நிற்கும் நளினம் என்ற நேவார் உடலமைப்பு சீன அரசவைச் சிற்பத்துக்குள் நுழைந்த வாசல் அவரும் அவருடைய மாணவர்களும்தான்.

அந்த விதை முழுதாகப் பூத்தது மிங் வம்சத்து யோங்லே மன்னனின் காலத்தில், 1403 முதல் 1424 வரை. திபெத்தின் பெரிய லாமாக்களை அவர் அரண்மனைக்கு அழைத்தார். அவர்களில் ஒருவரான ஐந்தாம் கர்மபா 1407இல் நான்ஜிங் வந்தார். அரசுப் பட்டறையில் செய்த சிலைகளை யோங்லே திபெத்துக்குக் காணிக்கையாக அனுப்பினார். பீடத்தின் முன்பக்கம் ‘தா மிங் யோங்லே நியன் ஷி’ என்று ஆறு எழுத்துகள் இருக்கும். மாபெரும் மிங் அரசின் யோங்லே ஆண்டுகளில் அளிக்கப்பட்டது என்று பொருள். அக்காலச் சீன வழக்கப்படி வலமிருந்து இடமாக எழுதாமல், திபெத்தியர் படிப்பது போல இடமிருந்து வலமாகப் பொறித்தார்கள். பெறுபவரின் கண்ணை நினைத்துச் செய்த இந்த மரியாதை எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தாமரை இதழ்கள் பீடத்தைச் சுற்றி முழு வட்டமாக ஓடும், ஒவ்வொரு இதழின் நுனியும் சுருண்டிருக்கும், முத்துவரிசை ஒரு மணிகூடப் பிசகாது, முதுகும் முகத்தைப் போலவே முடிக்கப்பட்டிருக்கும். அடுத்து வந்த ஷுவாந்தே காலத்திலும் (1426–1435) இதே தரம் தொடர்ந்தது.

விலையும் அதற்கேற்ப. ஹாங்காங் சோத்பீஸ் ஏலத்தில் 2006இல் ஒரு யோங்லே சாக்கியமுனி (கௌதம புத்தர்) சிலை 11.66 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. 2013இல் இன்னொன்று 23.64 கோடி ஹாங்காங் டாலர். இந்த எண்கள் செய்தித்தாளில் வந்ததிலிருந்து யோங்லே பெயர் பொறித்த போலிகள் சந்தையில் நிரம்பிவிட்டன. உங்கள் விலைக்குள் ஒரு யோங்லே சிலை கிடைக்கிறது என்றால் அது யோங்லே சிலை அல்ல. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தொடக்கத்தில் நான் சொல்லும் வழி சிங் வம்சத்துச் சிறு உருவங்கள். சியன்லோங் மன்னன் 1770இல் தன் அறுபதாம் பிறந்த நாளை ஒட்டி அமிதாயுஸ் உருவங்களைப் பெரும் எண்ணிக்கையில் செய்வித்தான். நீண்ட ஆயுள் தருபவர் அமிதாயுஸ். தியான முத்திரையில் மடிமேல் அமுதகலசம் ஏந்தியிருப்பார். பீடத்தில் ‘கெங்யின்’ என்ற ஆண்டுப் பெயர் இருக்கும். அடுத்த ஆண்டே அரசன் தாயின் எண்பதாம் பிறந்த நாளும் வந்தது. கைத்திறத்தில் யோங்லேயின் பக்கத்தில்கூட இவை நிற்காது. ஆனால் ஆண்டு பொறித்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் நிறைய உருவங்கள் இருக்கின்றன, விலை ஒரு நடுத்தரச் சேகரிப்பாளருக்கு எட்டும். பின்னால் இருந்த ஒளிவட்டம் தனியாக வார்த்துச் செருகியது என்பதால் பெரும்பாலும் தொலைந்திருக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

மங்கோலியாவின் சனபசார் (1635–1723) பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். துறவி, சிற்பி, இரண்டுமே அவர். அவர் கைப்பட்ட தாரா தேவியையும் புத்தர்களையும் அந்நாட்டுத் தலைநகர் உலான்பாத்தரில் பார்க்கலாம். வாங்குவதற்கு ‘சனபசார் பாணி’ என்று வருபவற்றில் பெரும்பாலானவை அவருக்குப் பிந்திய வேலை.

உருவம் யார் என்று தெரிந்துகொள்வது அடுத்த பாடம். வலக்கை முழங்காலைத் தாண்டி நிலத்தைத் தொட்டால் சாக்கியமுனி என்று உடனே முடிவு செய்துவிடாதீர்கள். எதிரே பீடத்தில் சிறு வச்சிரம் கிடந்தால் அவர் அட்சோபியர் என்ற இன்னொரு புத்தராகவும் இருக்கலாம். வாளும் சுவடியும் என்றால் போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ. மணிகளைக் கக்கும் கீரியைக் கையில் பிடித்திருப்பவர் செல்வத் தெய்வமான ஜம்பாலர். உருவ இலக்கணம் தவறிய சிலை, மரபில் வளர்ந்த பட்டறையிலிருந்து வந்திருக்க வாய்ப்புக் குறைவு. அதனால்தான் இதைக் கற்கச் சொல்கிறேன். ஹிமாலயன் ஆர்ட் ரிசோர்சஸ் என்ற இணையத் தொகுப்பில் ஆயிரக்கணக்கான உருவங்களைப் பெயரோடும் காலத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம், கட்டணமில்லை.

ஆய்வகச் சோதனை கைகொடுக்குமா? ஓரளவுக்கு. எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி உலோகக் கலவையைச் சொல்லும். செம்பு மிகமிகத் தூய்மையாக, பழைய தாதுக்களில் வரும் ஆர்சனிக் போன்ற கசடு சிறிதும் இல்லாமல் இருந்தால், மின்பகுப்பில் சுத்திகரித்த நவீனச் செம்பு என்று சந்தேகிக்கலாம். உள்ளே வார்ப்புக் கருவின் களிமண் மிச்சம் இருந்தால் வெப்ப ஒளிர்வு முறையில் அது கடைசியாகச் சூடேறிய காலத்தை மதிப்பிடலாம். ஆனால் கதிர்வீச்சு கொடுத்து அந்த முடிவையே மாற்றும் போலியாளர்களும் உண்டு. சோதனை பொய்யைப் பிடிக்க உதவும். உண்மையை அது மட்டும் நிறுவாது. மண்ணில் புதைத்தது போல ஒட்டிய பச்சைக் களிம்பை மட்டும் வைத்து ஒருநாளும் முடிவெடுக்காதீர்கள். ரசாயனத்தில் அதைச் சில நாட்களில் வரவழைத்துவிடலாம்.

இனிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம்: இந்தச் சிலை எங்கே இருந்தது, எப்படி வெளியே வந்தது?

மத்தியத் திபெத்தில் தென்சாதில் மடாலயம் இருந்தது. பல அடுக்குகளாக, நூற்றுக்கணக்கான முலாம் உருவங்கள் பதித்த எட்டு மாபெரும் தூபிகள் அங்கே நின்றன. 1948இல் இத்தாலிய அறிஞர் தூச்சியின் பயணக் குழுவில் போன பியெத்ரோ மெலே என்பவர் அவற்றைப் படம் எடுத்தார். சீனாவின் கலாச்சாரப் புரட்சியில் மடாலயம் தகர்க்கப்பட்டது. இன்று உலக அருங்காட்சியகங்களிலும் தனியார் வீடுகளிலும் ‘தென்சாதில்’ என்ற பெயரோடு இருக்கும் உருவங்கள் அந்த இடிபாட்டிலிருந்து சிதறியவை. அழகைப் பார்த்து மயங்கும்போது இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நேபாளத்தில் 1960களுக்குப் பிறகு விகாரைகளிலிருந்தும் தெருக்கோயில்களிலிருந்தும் வழிபாட்டில் இருந்த உருவங்களையே பெயர்த்தெடுத்து விற்றார்கள். 1984இல் பாட்டனில் திருடுபோன லட்சுமி நாராயணர் கற்சிலை டாலஸ் அருங்காட்சியகத்திலிருந்து 2021இல் திரும்பி வந்தது. தமிழகத்தில் திருடுபோன ஸ்ரீபுரந்தான் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014இல் திரும்பியதை நாம் மறக்கவில்லை. நம் ஊர்க் கோயில் காலியானபோது நமக்கு வலித்த அதே வலிதான் பாட்டன் விகாரையில் இருப்பவர்களுக்கும். ‘அப்போது எல்லோரும் வாங்கினார்கள்’ என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

அதனால் காகிதம் கேளுங்கள். 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை பொதுவான எல்லைக்கோடு. அதற்கு முன்பே சிலை சொந்த நாட்டைவிட்டு வெளியே இருந்ததற்குப் பழைய ஏலப் பட்டியல், தேதியிட்ட ரசீது, கண்காட்சி நூலில் வந்த படம் ஏதாவது இருக்க வேண்டும். ‘ஒரு பழைய ஐரோப்பியச் சேகரிப்பு’ என்ற வெறும் சொல் ஆதாரம் ஆகாது. நேபாளம் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த பொருளை வெளியே அனுப்பத் தடை விதித்திருக்கிறது. சீனாவிலும் 1911க்கு முந்தியவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டு கடந்த உலோகச் சிற்பம் உங்கள் கையில் இருந்தால் பதிவு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும். விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். தனியாராக அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதாவது இங்கே வாங்கினால் பின்னாளில் ஹாங்காங் ஏலத்துக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதானால் பணம் கட்டும் முன்பே சுங்க விதிகள் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

பராமரிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு வழக்கப்படி புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்த்தால் பல நூற்றாண்டு முலாம் ஒரே வெள்ளிக்கிழமையில் போய்விடும். மெல்லிய தூரிகையால் தூசு தட்டினால் போதும். சென்னை போன்ற கடலோர ஊரில் உப்புக் காற்றுதான் எதிரி. வெளிர்பச்சைப் பொடி உதிர ஆரம்பித்தால் அது உலோகத்தைத் தின்னும் நோய். சிலிக்கா ஜெல் வைத்த மூடிய பெட்டியில் உலர்வாக வைத்து, உலோகப் பாதுகாப்பாளரிடம் காட்டுங்கள்.

வாங்கும் முன் கண்ணைப் பழக்க வேண்டும். பாட்டன் அருங்காட்சியகம் பழைய அரண்மனைக்குள் இருக்கிறது. வார்ப்பும் முலாமும் எப்படி நடக்கின்றன என்று படிப்படியாகக் காட்டியிருக்கிறார்கள். நம் எழும்பூர் அருங்காட்சியகத்தில் நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இருக்கிறார்கள். 1856 முதல் 1930கள் வரை அந்த ஊரில் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் இருந்த ஊர் அது. தலைமேல் சுடர் எழும் அந்தப் புத்தர்களுக்கும் நேவார் புத்தர்களுக்கும் முகமும் உடலும் எப்படி வேறுபடுகின்றன என்று பக்கத்தில் நின்று பாருங்கள். படத்தில் அது கிடைக்காது.

உங்கள் வியாபாரியிடம் இப்போது மூன்று கேளுங்கள்: அடித்தட்டின் படம், முதுகின் படம், 1970க்கு முந்திய ஏதாவது ஒரு ஆவணம். பதிவுச் சான்றும் வேண்டும். இவற்றில் எதையாவது தர மறுத்தாலோ, ‘இன்று மாலைக்குள் முன்பணம்’ என்று அவசரப்படுத்தினாலோ விட்டுவிடுங்கள். அந்த உருவத்தின் மேல் உண்மையான பிரியம் என்றால் பாட்டனில் இன்று வேலை செய்யும் சாக்கியக் கலைஞர் ஒருவரிடம் புதிதாகச் செய்யச் சொல்லி வாங்கலாம். அதே மெழுகு, அதே செம்பு, அதே பாதரச முலாம். நேபாளத் தொல்லியல் துறையிடம் இது பழம்பொருள் அல்ல என்ற சான்று வாங்கிக்கொண்டால் விமான நிலையத்தில் தடையின்றி எடுத்து வரலாம். செய்தவர் பெயரையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.